ட்ராலி ஜாக்கி தூக்கினா தானா இறங்குது, சரி பண்ணலாமா, புதுசு வாங்கணுமா?

பாலக்கோடு ஸ்விஃப்ட்:
எல்லாருக்கும் வணக்கம். 2013 ஸ்விஃப்ட் டீசல் வெச்சிருக்கேன். இன்ஜினுக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் தட்டு ஒரு பக்கம் கழண்டு ரோட்டுல உரசுது. நானே மாட்டிடலாம்னு வீட்டுல இருந்த 2 டன் ட்ராலி ஜாக்கிய எடுத்தேன். நல்லா தூக்குது. ஆனா பத்து நிமிஷத்துல ரெண்டு விரக்கடை இறங்கிடுது. வெளிய எங்கயும் ஆயில் கசியல. இத நம்பி கீழ படுக்கலாமா? புதுசு வாங்கறதுன்னா எத்தனை டன்? இன்னொண்ணு, போன தடவை தூக்கினப்ப கதவுக்குக் கீழ இருக்கிற தகடு ஓரம் மடங்கிடுச்சு. எங்க வெச்சுத் தூக்கணும்? வாசல் மண் தரை, தெருப் பக்கம் லேசா சரிவு.

பர்கூர் பிக்கப்:
நம்ம பக்கம் கல்லுக்கா பஞ்சம்? தூக்கினதும் ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக் இல்லன்னா கிரானைட் துண்டு அடுக்கிட்டு கீழ போங்க. ஜாக்கி இறங்கினாலும் கல்லு தாங்கும். நான் அப்படித்தான் பண்றேன்.

காவேரிப்பட்டணம் பட்டறை:
தம்பி, இந்த நிலைமைல கீழ போகாதீங்க. தட்டு இன்னும் நாலு நாள் உரசினாலும் பரவால்ல.

பர்கூர்காரரே, கோவிச்சுக்காதீங்க, அந்த ஹாலோ பிளாக் வேலைய நீங்களும் இன்னையோட விட்டுடுங்க. சுவத்துல வரிசையா பாரம் பரவுறப்ப அது தாங்கும். வண்டி ஓரத்துத் தகடு ஒரே கோடா அதுமேல உக்காந்தா, முன்னாடி ஒரு கீறல் கூட காட்டாம நொறுங்கிடும். இரும்பு வளையும், நமக்கு ஒரு கணம் கிடைக்கும். கல்லு அப்படி இல்ல. கிரானைட்டுல பாலிஷ் முகம் வேற, துண்டு மேல துண்டு வெச்சா ஒண்ண ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போகும்.

ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான். நல்ல ஜாக்கியா இருந்தாலும் உள்ள வண்டியத் தாங்குறது ஆயில் கசியாம அடைக்கிற ஒரு ரப்பர் சீலும், வால்வுல இருக்கிற ஒரு சின்ன இரும்புக் குண்டும்தான். அத நம்பி நான் கைய கூட உள்ள விடமாட்டேன். ஜாக் ஸ்டாண்டு, அதாவது தூக்கின வண்டிய அடியில தாங்கி நிக்கிற இரும்புக் கால், ரெண்டு வாங்குங்க. டப்பால 3 டன்னுன்னு போட்டிருந்தா அது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கான்னு படிச்சுப் பாருங்க, பல கம்பெனி ஜோடிக்குத்தான் போடுது. தூக்கி, ஸ்டாண்டு மேல பாரத்த இறக்கி, கையால வண்டிய ஆட்டிப் பாருங்க. ஆடலன்னா அப்புறம் படுங்க. ஜாக்கிய எடுத்துடாம லேசா ஒட்டினாப்ல விட்டுடுங்க. கழட்டின வீலையோ ஸ்டெப்னியையோ ஓரத்துக்குக் கீழ படுக்கப் போட்டு வைங்க. ரெண்டு வருஷம் முன்னாடி என் பட்டறைலயே ஒரு வண்டி ஜாக்கிலேருந்து சறுக்குச்சு. கீழ போட்டிருந்த வீல் மேல உக்காந்துச்சு. பையன் அப்பதான் தலைய வெளிய எடுத்திருந்தான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மண் தரை விஷயம். ட்ராலி ஜாக்கி நேரா மேல போகாது, வளைவா போகும். அதுக்கு ஏத்த மாதிரி ஜாக்கி சக்கரம் உருண்டு வண்டிக்கு அடியில நகரணும். மண்ணுல சக்கரம் புதைஞ்சா ஜாக்கி நகராது, ஜாக்கி மேல வண்டியத் தாங்குற தட்டுதான் வழுக்கும். மத்தியான வெயில்ல தார் ரோடும் வேண்டாம், ஸ்டாண்டு கால் இறங்கிடும். உங்க ஊர்ல கேழ்வரகு அடிக்கிற சிமெண்ட் களம் இருக்குமே, சும்மா கிடக்கிற நாள்ல அங்க ஓட்டிட்டுப் போங்க. சமமா இருக்கிற இடம்தானான்னு மட்டும் பாத்துக்குங்க.

இன்னொண்ணு பலர் மறக்கறது. ஸ்விஃப்ட்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பின்பக்கத்தத் தூக்கிட்டா அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. கியர்ல போட்டு, தரைல இருக்கிற முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுக்கணும். முன்பக்கம் தூக்கினா பின் சக்கரத்துக்குக் கட்டை.

இப்ப ஜாக்கிக்கு வரேன். யாராவது அதுல ஆயில் ஊத்தினாங்களா? ஊத்தினா என்ன ஆயில்?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
உங்க வண்டி ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் தூக்கறோம், 2 டன் போதும். டன்ன விட உயரத்தப் பாருங்க. சாதாரண 2 டன் ஜாக்கி 13, 14 செ.மீ.ல ஆரம்பிச்சு 33 செ.மீ. வரைக்கும்தான் போகும். டயர் பஞ்சராகி வண்டி உக்காந்துட்டா அடியில நுழையவே நுழையாது. டேப் எடுத்து ஓரத்து உயரத்த அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

தகடு மடங்கினது இரும்புத் தட்ட நேரா வெச்சதால. முன் சக்கரத்துக்குப் பின்னாடியும் பின் சக்கரத்துக்கு முன்னாடியும் அந்தத் தகட்டுல ரெண்டு ரெண்டு வெட்டு இருக்கும், அதுக்கு நடுவுலதான் வைக்கணும். நடுவுல பள்ளம் விட்ட ரப்பர் பேட் விக்கிது, அத ஜாக்கி தட்டு மேல வெச்சா தகடு பள்ளத்துல உக்காந்துக்கும். ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டி), கியர்பாக்ஸ் பக்கம் ஜாக்கியக் கொண்டு போகவே வேண்டாம்.

பாலக்கோடு ஸ்விஃப்ட்:
அண்ணா, அப்பாகிட்ட கேட்டேன். ஜாக்கி முழுசா ஏறலன்னு தீபாவளிக்கு முன்னாடி மிச்சம் இருந்த பிரேக் ஆயில ஊத்தியிருக்கார். அதுக்கப்புறம்தான் இறங்க ஆரம்பிச்சிருக்கு போல.

காவேரிப்பட்டணம் பட்டறை:
அதேதான். பிரேக் ஆயில் வேற ஜாதி. ஜாக்கில இருக்கிற ரப்பர் அதுல ஊறி உப்பிப் போயிடும், அப்புறம் உள்ளுக்குள்ளயே ஆயில் பின்வாங்கும். அதனாலதான் வெளிய கசிவு தெரியல. மேல ஊத்தி சரி பண்ண முடியாது. முழுசா வடிச்சு, ஹைட்ராலிக் ஆயில் விட்டுக் கழுவி, சீல் கிட் மாத்தணும். கைப்பிடிய இறுக்கினா மூடுமே, அந்த ரிலீஸ் வால்வ கழட்டி அழுக்கு இருக்கான்னும் பாருங்க, ஒரு மண் துகள் போதும் மூடாம இருக்கறதுக்கு.

ஆயில் விடறப்ப ஜாக்கி முழுசா கீழ இறங்கி இருக்கணும், துவாரத்து விளிம்பு வரைக்கும் போதும். மூடி போட்டு, வால்வ திறந்து வெச்சு பத்துப் பதினைஞ்சு தடவை பம்ப் அடிங்க, காத்து போயிடும். அப்பா ஊத்துறதுக்கு முன்னாடி முழுசா ஏறாம இருந்ததும் காத்து புகுந்ததாலயோ ஆயில் குறைஞ்சதாலயோதான் இருக்கும்.

சோதிக்கறப்ப வண்டியத் தூக்கி, ஒரு இஞ்ச் கீழ ஸ்டாண்டு நிறுத்திட்டு அரை மணி விடுங்க. இறங்கினா ஸ்டாண்டு மேலதான் உக்காரும்.

பர்கூர் பிக்கப்:
அண்ணா, படிச்சதுல வயிறு கலங்கிடுச்சு. கல்ல எல்லாம் எடுத்து வேலி ஓரம் போட்டுட்டேன். என் பொலிரோ பிக்கப்புக்கு எது வாங்க?

காவேரிப்பட்டணம் பட்டறை:
3 டன், உயரம் அதிகமா போறது. மாங்கா லோடோட தூக்காதீங்க, இறக்கிட்டுத் தூக்குங்க.

பாலக்கோடு ஸ்விஃப்ட்:
சீல் கிட் மாத்தியாச்சு. வடிச்ச ஆயில் கருப்பா, பழைய சீல் கொழகொழன்னு இருந்துச்சு. நேத்து காலைல பெரியப்பா களத்துல கியர் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு கீழ வெச்சு அரை மணி நேரம் பாத்தேன். சாக்பீஸ் கோடு போட்ட இடத்துலயே நின்னுச்சு. அப்புறம் ஸ்டாண்டு மேல இறக்கி, ஆட்டிப் பாத்து, தட்ட மாட்டிட்டேன். மூணு கிளிப் போச்சு, வாங்கணும். பிரேக் ஆயில் டப்பாவ அப்பாவே ஜாக்கி பக்கத்துலேருந்து எடுத்து வேற அலமாரில வெச்சுட்டார்.