கூத்துக்கான சோதனைக் கூடம்: மாதிரியுருவை எந்த அளவில் செய்வது?

கேள்வி:
மட்டக்களப்பில் அருங்காட்சியகம் ஒன்றின் 6 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உள்ள அறையைக் கூத்துக்கான சோதனைக் கூடமாக்கும் திட்டத்துக்கு மாதிரியுரு செய்கிறேன். நடுவில் சிறு வட்டக்களரியும் (கூத்தாடும் வட்டமான அரங்கு), சுற்றிலும் பார்வையாளரும், சுவரோரம் கூத்துடைகளும் அமையும். 1:50 அளவு போதுமா?

பதில் 1:
போதாது. அந்த அளவில் அறை 12 சென்ரிமீற்றர் நீளமாகச் சுருங்கிவிடும். கட்டடம் முழுவதையும் காட்ட அது உதவுமே தவிர, உள்ளே நிற்பவரின் அனுபவத்தைக் காட்டாது. 1:20 எடுத்தால் 30க்கு 20 சென்ரிமீற்றர் கிடைக்கும், 1.6 மீற்றர் உயரமுள்ளவர் 8 சென்ரிமீற்றர் உருவமாவார். ஒரு சுவரைக் கழற்றக்கூடியதாக வைத்து, அந்த உருவத்தின் கண்மட்டத்தில் கைப்பேசிக் கமராவைப் பிடித்துப் பாருங்கள். வாவிக்காற்றின் ஈரத்தில் அட்டை வளையும் என்பதால் இருபுறமும் தாள் ஒட்டுங்கள்.

பதில் 2:
நிறங்களும் யன்னல்களும் சரியாக இருந்தால், வெயிலில் வைத்த மாதிரியுருவுக்குள் பகலொளி உண்மையான அறையில் பரவுவதைப் போலவே பரவும். துணிகளுக்கு 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதால், உடைகள்மீது நேர்வெயில் விழுகிறதா என்பதை இப்போதே கவனியுங்கள்; முடி (கிரீடம்), மார்புப் பதக்கம் போன்றவற்றில் ஒட்டிய துணியின் நிறம் ஒருமுறை வெளிறினால் மீளாது. ஒலி அப்படியன்று. 1:20 மாதிரியில் அதிர்வெண்ணையும் 20 மடங்காக்க வேண்டியிருப்பதால், மத்தள ஓசை எதிரொலிக்குமா என்பதை அட்டைப்பெட்டி சொல்லாது. அதை அந்த அறையிலேயே அண்ணாவியார் (கூத்தைப் பழக்கும் ஆசான்) ஒருவரை மத்தளம் அடிக்கச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 1:20 அளவிலேயே செய்கிறேன். சக்கர நாற்காலி திரும்புவதற்குரிய 1.5 மீற்றர் வட்டத்தை 7.5 சென்ரிமீற்றர் தாளாக வெட்டி, களரிக்கும் சுவருக்கும் இடையில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.