விடுதிக்குப் போகுமுன்: மெனிஞ்சைடிஸ் சான்றிதழில் எந்த எழுத்து, எந்தத் தேதி?

வெளிநாட்டில் இளநிலைப் படிப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் மெனிஞ்சைடிஸ் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் அழற்சி) தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டால், ‘மூளைக்காய்ச்சல் ஊசிதானே, சின்ன வயதிலேயே போட்டுவிட்டோம்’ என்று பலர் சொல்கிறார்கள். அநேகமாக அவர்கள் மனத்தில் இருப்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. அது கொசுவால் பரவும் வைரஸுக்கானது. கல்லூரிகள் கேட்பதோ மெனிஞ்சைடிஸை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசியை. குழந்தைப் பருவத்தில் போடும் ஹிப், நிமோகாக்கல் ஊசிகளும் இதற்கு ஈடாகா.

ஏறத்தாழ பத்தில் ஒருவருடைய மூக்கிலோ தொண்டையிலோ இந்தக் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் தங்கியிருக்கும். எச்சில் வழியாகவும் நெருங்கிப் பழகுவதாலும் பரவுவதால், ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் விடுதி அதற்குத் தோதான இடமாகிவிடுகிறது. நோய் வருவது அரிது. வந்துவிட்டால், உரிய சிகிச்சை கிடைத்தும் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் இறக்கிறார்கள், பிழைத்தவர்களிலும் சிலர் செவித்திறனையோ விரல்களையோ காலையோ இழக்கிறார்கள்.

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தை. இந்தக் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளுக்கும் சேர்த்து ஓர் ஊசி உண்டு. பி வகைக்கு அது பயன்படாது, அதற்கென்று வேறு தடுப்பூசி இருக்கிறது. 2013இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பரவியது பி வகைதான். அப்போது அமெரிக்காவில் அதற்கு அனுமதி பெற்ற தடுப்பூசியே இல்லாததால், சிறப்பு அனுமதியுடன் வெளியிலிருந்து தருவித்து மாணவர்களுக்குப் போட்டார்கள். விடுதியில் தங்குபவர் பி வகை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது தேதி. டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி, கல்லூரியில் புதிதாகச் சேரும் 22 வயதுக்குட்பட்டவர்கள், முந்தைய ஐந்தாண்டுகளுக்குள், செமஸ்டர் தொடங்க 10 நாளாவது இருக்கும்போதே ஊசி போட்டிருக்க வேண்டும். முதுநிலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதைக் கடந்திருப்பதால் அவர்களை யாரும் கேட்பதில்லை; கேட்காததாலேயே பலர் போடாமல் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் முதன்முறையாகப் பல்கலைக்கழகம் செல்லும் 25 வயது நிறையாதவர்களுக்கு நான்கு வகை ஊசி அரசு மருத்துவச் சேவையில் இலவசம்.

என் அண்ணன் மகளின் சான்றிதழில் 05/07 என்று எழுதியிருந்ததை அமெரிக்கக் கல்லூரி மே 7 என்று படித்துவிட்டது. உண்மையில் அது ஜூலை 5. மாதத்தை எழுத்தில் குறித்து, ஊசியின் முழுப்பெயரோடு மருத்துவரிடம் மறுபடி கையெழுத்து வாங்கும் வரை அவளால் பாடங்களுக்குப் பதிவு செய்ய முடியவில்லை.

ஊசி போட்டிருந்தாலும் அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, கைகால் சில்லிட்டுப் போவது ஆகியவை ஃப்ளூ போலவே தொடங்கி, சில மணி நேரத்திலேயே முற்றிவிடக்கூடும். கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் தோன்றலாம். நம் தோல் நிறத்தில் அவை எளிதில் தெரியா என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். புள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறைத்தோழர் ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று சொல்லிப் படுத்தால் தனியே விட்டுவிடாதீர்கள். எழுப்பும்போது பேச்சு குழறினாலோ எழுந்திருக்க முடியாமல் போனாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நோய் உறுதியானால் அவரோடு தங்கியிருந்த உங்களுக்கும் தடுப்பு மருந்தாக ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.