உமிச்சாம்பல் சிமெண்ட்டா, ஊக்கியா, ஏற்பியா? பொசோலானுக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கட்டுமானச் சொற்பட்டியலில் பொசோலான் (சுண்ணாம்போடோ சிமெண்ட்டோடோ கலக்கும் சாம்பல் போன்ற பொடி) இன்னும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் எரிமலைச் சாம்பலால் வந்த பெயர் அது. உமிச்சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல், அனல்மின் நிலையச் சாம்பல், சுட்ட களிமண் எல்லாம் இந்த வகைக்குள் வருகின்றன. இவற்றைத் துணைச் சிமெண்ட் என்றும் சாம்பல் சிமெண்ட் என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். சுண்ணாம்போடு சேர்ந்து இறுகச் செய்வதால் 'காரையூக்கி' என்று வைக்கலாமா?

— பட்டியல் தொகுப்பாளர்

*

ஐயா, ஊக்கி வேண்டாம். வேதியியலில் வினையூக்கி என்பது வினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவாகாமல் மிஞ்சுவது. உமிச்சாம்பலிலுள்ள சிலிக்கா செலவாகிறது.

சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது பிணைக்கும் கூழ்மத்தோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் வெளிப்படுகிறது. இந்தச் சுண்ணாம்பு வலிமைக்குப் பெரிதாக உதவாது. தண்ணீரில் கரைந்து வெளியேறி கான்கிரீட்டில் துளைகளை விட்டுச்செல்லும். சாம்பலின் சிலிக்கா அதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிணைக்கும் கூழ்மமான கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டை மேலும் உண்டாக்குகிறது. துளை அடைபடுகிறது, உப்பும் நீரும் உள்ளே புகுவது குறைகிறது.

துணைச் சிமெண்ட் இதைவிடத் தவறான சொல். தனிச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துவைத்தால் அது சிமெண்ட் போல இறுகாது. சிமெண்ட் என்று பெயர் வைத்தால் சிமெண்ட்டை முழுக்கத் தள்ளிவிட்டு இதைப் போடலாம் என்று யாரேனும் நம்புவார்கள். சுண்ணாம்பை ஏற்பதுதான் இதன் தொழில் என்பதால் 'சுண்ணமேற்பி' என்கிறேன். வினைக்குச் சுண்ணமேற்பு, திறனுக்குச் சுண்ணமேற்புத் திறன் என்று கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன.

— கட்டுமானப் பொருள் ஆசிரியர்

*

சுர்க்கி என்ற சொல் கொத்தனார்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே? முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டியதுதான். அதையே பொதுச்சொல்லாக விரிக்கலாம்.

— வாசகர்

*

சுர்க்கி சுட்ட களிமண் பொடிக்கு மட்டுமே உரியது. சிவப்பு என்ற பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. சாம்பல் நிறப் பொடிக்கு அதை நீட்ட வேண்டாம். சுர்க்கி ஒரு சுண்ணமேற்பி என்று பதியலாம்.

வேலைத்தளத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்குச் சுண்ணமேற்பி பிடித்திருக்கிறது. வேலையில் நேரும் பிழைகளுக்கான காரணம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கடையில் கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட்டில் அனல்மின் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை முன்பே கலந்திருக்கும். வெளிவரும் சுண்ணாம்புக்கு அங்கே ஏற்கெனவே ஓர் ஏற்பி காத்திருக்கிறது. அதன்மேல் உமிச்சாம்பலையும் கொட்டினால் ஏற்பதற்குச் சுண்ணாம்பு போதாது. மிஞ்சும் சாம்பல் வெறும் நிரப்பி. எனவே 43 அல்லது 53 தர ஓ.பி.சி.யோடுதான் (சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்) கலக்க வேண்டும். சிமெண்ட்டில் 10 விழுக்காட்டுக்குப் பதிலாகச் சாம்பல் என்று தொடங்குங்கள். 15ஐத் தாண்டும் முன் சோதனைக் கனசதுரங்களை 7, 28 நாட்களோடு நிறுத்தாமல் 56 நாளிலும் உடைத்துப் பாருங்கள்.

அளவு எப்போதும் எடையில்தான். ஒரு கனமீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட் என்றால் 288 கிலோ சிமெண்ட், 32 கிலோ சாம்பல். சிமெண்ட்டின் ஒப்படர்த்தி 3.15, உமிச்சாம்பலுக்குச் சுமார் 2.1. அதே 32 கிலோ, சிமெண்ட்டாக இருந்தால் 10 லிட்டர் இடம் பிடிக்கும். சாம்பலானால் 15 லிட்டர். கூடுதல் 5 லிட்டருக்கு ஈடாக மணலில் 13 கிலோ குறைக்க வேண்டும். சட்டிக்குச் சட்டி மாற்றிப் போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். உமிச்சாம்பல் துகள் உள்ளே துளைமயமானது, தண்ணீரைக் குடிக்கும். கலவை இறுக்கமாக இருக்கிறதென்று தண்ணீரை ஊற்றினால் வலிமை போச்சு. பிளாஸ்டிசைசரால்தான் (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் வேதிப்பொருள்) இளக்கம் கொண்டுவர வேண்டும். ஏற்பு மெதுவாக நடப்பதால் நீராற்றலும் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது) நீள வேண்டும்: இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 இத்தகைய கலவைக்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது. வெயிலும் வறட்சியும் உள்ள இடங்களில் 14 நாளைப் பரிந்துரைக்கிறது.

— தளப் பொறியாளர்

*

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எல்லா உமிச்சாம்பலும் சுண்ணமேற்பி ஆகிவிடாது. 1000 கிலோ நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருந்தாலும் அது எந்த வடிவில் இருக்கிறது என்பதே கேள்வி. 500 முதல் 700 செல்சியசுக்குள் எரிந்தால் அணுக்கள் ஒழுங்கற்று இருக்கும், வினைபுரியும். வெப்பம் மிகுந்து நெடுநேரம் நீடித்தால் கிறிஸ்டோபலைட் படிகமாகி மந்தமாகிவிடும். காற்றுப் போதாமல் புகைந்தால் கரி தங்கிச் சாம்பல் கறுக்கும். அந்தக் கரி பிளாஸ்டிசைசரையும் உறிஞ்சிவிடும். வெள்ளையாக இருந்தால் நல்லது என்றும் நம்ப முடியாது, மிகையாக வெந்த சாம்பலும் வெள்ளைதான். எக்ஸ்-கதிர் சோதனையும் ஐ.எஸ். 1727 சொல்லும் சுண்ணாம்பு வினைத்திறன் சோதனையுமே முடிவு சொல்லும்.

ஆகவே 'படிகமிலாச் சிலிக்கா', 'எரியிழப்பு' இரண்டையும் அருகிலேயே பதிய வேண்டும். எரியிழப்பு என்பது சாம்பலை மீண்டும் சூடாக்கும்போது குறையும் எடை. மிஞ்சிய கரியின் அளவை அது காட்டிக்கொடுக்கும். சக்கைச் சாம்பலில் எரியாத நார்த்துகள்கள் இருக்கும். 300 மைக்ரான் சல்லடையில் சலித்து அவற்றை நீக்கிய பிறகே சிமெண்ட் நயத்துக்கு அரைக்க வேண்டும். விவசாயக் கழிவுச் சாம்பல் என்ற பொதுப்பெயர் இந்த வேறுபாடுகளையெல்லாம் மறைத்துவிடுகிறது. பிறப்பைப் பார்த்துப் பெயரிடாமல் குணத்தைப் பார்த்துப் பெயரிடுவதே நல்லது.

— கட்டுமானப் பொருள் ஆசிரியர்

*

ஏற்கிறேன், ஊக்கியை விட்டுவிட்டேன். உருக்காலைக் கசடு தானாகவே ஓரளவு இறுகும் என்பதால் அதை இதில் சேர்க்காமல் தனிப் பதிவாக்குகிறேன். வரைவு இது:

சுண்ணமேற்பி (பெ.): தனியாக இறுகாமல், ஈரத்தில் சுண்ணாம்போடு வினைபுரிந்து பிணைப்புச் சேர்மம் தரும் நுண்பொடி. எ-டு: சுர்க்கி, படிகமிலாச் சிலிக்கா மிகுந்த உமிச்சாம்பல். ஒ.நோ: நிரப்பி.

'நுண்பொடி' வரையறைக்குள் இருக்க வேண்டுமா? அரைக்காத சாம்பலை அது விலக்கிவிடும் என்பதால் வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

— பட்டியல் தொகுப்பாளர்