பைத்தானில் சொல் எண்ணும் பயிற்சி: மழை ஏன் மழ ஆகிறது?

முதல்படி:
பைத்தான் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு பத்தியில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் பயிற்சியில் நேற்றிலிருந்து முழித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஸ்ப்ளிட் போட்டு (இடைவெளியில் சொற்களாக வெட்டுவது), லூப்புக்குள் எண்[சொல்] = எண்[சொல்] + 1 என்று எழுதினேன், அந்தச் சொல் டிக்ஷனரியில் (சொல்லையும் அதன் எண்ணிக்கையையும் வைக்கும் இடம்) இன்னும் இல்லை என்று கீ எரர் வந்தது, கெட் போட்டு இல்லாவிட்டால் 0 எடுத்துக்கொள் என்றதும் அது சரியாகிவிட்டது. ஆனால் "வந்தது," என்று காற்புள்ளியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்ததால், தேடிப் பார்த்து ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு, அதாவது ஒரு வடிவத்தைக் கொடுத்து அதற்குப் பொருந்துவதைத் தேடும் முறைக்கு மாறினேன் (பின்சாய்கோடு டபிள்யூ, பிளஸ், ஃபைண்டால்). ஆங்கிலப் பத்திக்கு ஒழுங்காக வருகிறது. தமிழில் "மழை வந்தது, மழை நின்றது." என்று கொடுத்தால் கிடைப்பது இது:

மழ 2, வந 1, தத 1, ந 1, ன 1, றத 1

ஃபைலை யூடிஎஃப்-8 (தமிழையும் சேமிக்கும் குறியாக்கம்) என்று சொல்லித்தான் திறக்கிறேன். எங்கே தப்பு?

வெற்றுவரி:
டிக்ஷனரியெல்லாம் எதற்கு? கலெக்ஷன்ஸ் மாட்யூலில் கவுண்டர் இருக்கிறது, பட்டியலைக் கொடுத்தால் எண்ணித் தந்துவிடும், மோஸ்ட் காமன் கேட்டால் வரிசைப்படுத்தியும் தரும்.

முதல்படி:
போட்டுப் பார்த்தேன். அதே மழ, அதே 2.

அரைப்புள்ளி:
எண்ணுவதில் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, வெட்டுவதில்தான். யூனிகோடில் "மழை" என்பது ம, ழ, அப்புறம் ஐகாரக் குறி என மூன்று. பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாட்யூலான ஆர்ஈக்கு நீங்கள் போட்ட டபிள்யூ என்றால் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் "எழுத்து" வகையில் வராமல் "குறி" வகையில் வருவதால், அவை வரும் இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. "தமிழ்" என்பதற்கு இஸ்ஆல்ஃபா (எல்லாம் எழுத்துதானா) கேட்டுப் பாருங்கள், ஃபால்ஸ் என்று சொல்லும். இத்தனைக்கும் மேலே நீங்கள் வைத்த "எண்" என்ற மாறியை, புள்ளியோடு சேர்த்து, அதே பைத்தான் ஏற்றுக்கொள்கிறது!

பயிற்சிக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனே வேண்டாம். வெறும் ஸ்ப்ளிட் போடுங்கள் (அடைப்புக்குள் இடைவெளி கொடுத்தால் இரட்டை இடைவெளி வரும் இடத்தில் காலிச் சொல் ஒன்று வந்து உட்காரும்), பிறகு ஒவ்வொரு சொல்லின் இரு முனையிலும் நிறுத்தக்குறிகளை ஸ்ட்ரிப் செய்து நீக்குங்கள். ஸ்ட்ரிங் மாட்யூலில் உள்ள பங்க்சுவேஷனில் 32 குறிகள்தான் இருக்கின்றன, வளைந்த மேற்கோள் குறி அதில் இல்லை, அதை நீங்களே சேர்க்க வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் வேண்டுமென்றால் பிப்பில் (மாட்யூல்களை நிறுவும் கருவி) ரெஜெக்ஸ் என்று தனியாக ஒரு மாட்யூல் கிடைக்கிறது, அதில் அதே டபிள்யூ குறிகளையும் சேர்த்துக்கொள்ளும்.

முதல்படி:
ஸ்ட்ரிப் வழியிலேயே வந்துவிட்டது: மழை 2, வந்தது 1, நின்றது 1. நன்றி! ஆனால் பெரிய ஃபைலைக் கொடுத்தால் "கொண்டு" இரண்டு வரிகளில் வருகிறது, ஒன்றில் 41, இன்னொன்றில் 3. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

அரைப்புள்ளி:
இரண்டுக்கும் லென் (நீளம்) போட்டுப் பாருங்கள், ஒன்று 6, இன்னொன்று 7 வரும் என்று நினைக்கிறேன். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் வைக்கலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. வெட்டுவதற்கு முன்பே முழுப் பத்தியையும் யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) என்று கொடுத்து ஓட்டிவிடுங்கள்.

முதல்படி:
6, 7 தான்! இப்போது 44 என்று ஒரே வரி. கடைசியாக ஒன்று, "மழையில்", "மழைக்கு" எல்லாம் மழை கணக்கில் சேருமா?

வெற்றுவரி:
பயிற்சி கேட்காததைச் செய்யாதீர்கள். ஸ்டார்ட்ஸ்வித் (இப்படித் தொடங்குகிறதா) போட்டு மழையைப் பிடிக்கலாம், கூடவே மழைக்காலமும் வந்து மாட்டும். "மரம்" என்று தேடினால் "மரத்தில்" மாட்டவே மாட்டாது.