இலங்கை மலைநாட்டில் சுற்றுலா கேம்ப் வேலை: சீசனுக்கு ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது – உங்கள் அனுபவம் எப்படி?

எல்ல பக்கத்திலிருந்து:

ஒரு கேம்பில் மேற்பார்வை வேலை எனக்கு. ஆள் பிடிப்பது, பேர் (வேலை நாள் கணக்கு) போடுவது, சம்பளத் தாளில் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் தலையில்தான். கூட்டம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அப்புறம் ஜூலை, ஆகஸ்ட். வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். 2024 இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதும், "ஐந்நூறு கூடத் தந்தால் வருவான்" என்று முதலாளிமார் கணக்குப் போட்டார்கள். வருகிறான், சரி. நிற்க வேண்டுமே?

நான் பார்த்தவரை ஆள் கழன்று போவது மழை நாளில்தான். மழை பிடித்தால் ஸிப்லைனை, அதாவது கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போகிற விளையாட்டை, மூடிவிடுவோம். பையன் ஆறரைக்கே வந்து நின்றிருப்பான். பத்து மணிக்கு "இன்றைக்கு அரைப்பேர், வீட்டுக்குப் போ" என்பார்கள். அரை நாள் சம்பளம்தான். கொழுந்து நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்ததைப் பார்த்து வளர்ந்தவன் அவன். இங்கேயும் இதுதானா என்று முகம் சுண்டிவிடும். அடுத்த வாரம் கொழும்பில் ஏதாவது கடையில் நிற்பான்.

அதைவிடச் சிக்கல் தீபாவளி. ஊவா பக்கம் அக்டோபர், நவம்பர் கொட்டித் தீர்க்கிற மாதங்கள். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுக்கிற நேரத்தில் எங்கள் பையன்கள் கையில் சல்லிக்காசு இருக்காது. முதலாளியிடம் பேசி, பழைய ஆட்கள் சிலரை வாரத்துக்கு மூன்று நாள் வேலையில் நிறுத்திவைத்தோம். கிழிந்த கூடாரம் தைப்பது, பாதை வெட்டுவது, கம்பங்களுக்குப் பெயின்ட் அடிப்பது. முற்பணமும் கொடுத்து, டிசம்பரிலிருந்து சம்பளத்தில் கழித்தோம். மூன்று நாள் காசே வீண் என்று அவர் முனகியது தனிக்கதை.

டிசம்பரில் அந்தப் பையன்களின் கையைப் பார்க்க வேண்டும். ஸிப்லைனில் போகிறவரின் பெல்ட்டை இறுக்கிவிட்டு, கொளுக்கியின் வாயைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பான். திருகை மறுபடி தொடுவான். அதற்குப் பிறகே எதிர்ப்பக்கத்துக்குக் கை காட்டுவான். புது ஆளுக்கு இது படிவதற்குள் சீசனில் பாதி ஓடிவிடும்.

இன்னொன்று. "சீசன் ஆளுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிகமோ நாட்கூலியோ, சேர்ந்த நாளிலிருந்து உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். இடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவர் பங்கு. அங்கத்தவர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புத்தளையிலிருந்து:

அண்ணே, வெளியில் நிற்கிறவர்களுக்கு நீங்கள் சொன்னதெல்லாம் சரி. குசினியை யாரும் பேசுவதில்லை. லிப்டன் சீட் மலையுச்சியில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களுக்கு விடிகாலை மூன்று மணிக்கே ரொட்டியும் சம்பலும் கட்டுகிறோம். டிப்ஸ் கைட்மாருக்கு மட்டும். கேட்டதற்கு, "உங்களை கெஸ்ட் பார்க்கிறதே இல்லையே" என்றார் மனேஜர். விடாமல் கேட்டோம். இப்போது ஒரு பெட்டி வைத்து, சனிக்கிழமை எல்லார் முன்னாலும் எண்ணிப் பிரிக்கிறார்கள்: கைட்டுக்கு இரண்டு பங்கு, எங்களுக்கு ஒன்று. கைட் தம்பிமார் கொஞ்ச நாள் முறைத்தார்கள். அப்புறம் காலைச் சாப்பாடு யார் கையில் இருக்கிறது என்று யோசித்திருப்பார்கள்!

பொம்பளைப் பிள்ளைகளை எடுக்கிறவர்கள் சம்பளத்துக்கு முன்னால் வாகனத்தைப் பேசுங்கள். இரவு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்ப பஸ் கிடையாது. த்ரீவீலுக்கே பாதிச் சம்பளம் போய்விடும்.

கினிகத்தேனையிலிருந்து:

நான் கித்துல்கலையில் ராஃப்டிங் போட்டில் வேலை, ஆட்களை ரப்பர் படகில் ஆற்றில் கூட்டிப்போவது. முன்பு இருந்த இடத்தில் ட்ரிப் கணக்கு மட்டும்தான். களனி கங்கையில் தண்ணீர் மழையைப் பொறுத்தது, மேலே மின்சாரத்துக்கு அணை திறப்பதையும் பொறுத்தது. ஆறு பெருகினால் போட் இறக்கக்கூடாது. ஆனால் காத்துக் கிடந்த நாளுக்குச் சோறு மட்டும் என்றால், வீட்டில் கஷ்டம் உள்ளவன் கலங்கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே "போகலாம், ஒன்றும் ஆகாது" என்பான். அந்தப் பேச்சை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இப்போது இருக்கிற இடத்தில் வந்த நாளுக்கு ஒரு தொகை, ட்ரிப்புக்கு மேலதிகம். காசு கொஞ்சம் குறைவுதான், ஆனால் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வாய் வருகிறது.

எல்ல அண்ணே, அந்த முற்பணத்தை எத்தனை தவணையில் கழித்தீர்கள்? எங்கள் ஆளிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.