க்ரூசேடர் கிங்ஸ் 3 (கணினி விளையாட்டு): அரசர் இறந்ததும் வேல்ஸ் தம்பிக்குப் போய்விட்டது, உள்ளே பேக்ஷன் (வாஸல்கள் சேர்ந்த எதிர்ப்புக் குழு) வேறு

கேள்வி:
1066 தொடக்கம், அயர்லாந்தின் மன்ஸ்டர் என் நாடு. அயர்லாந்து ராஜ்ஜியம் உருவாக்கியாயிற்று, வேல்ஸிலும் பாதிக்கு மேல் கையில். வேல்ஸ் பட்டத்தை நான் உருவாக்கவே இல்லை. ஆனாலும் என் அரசர் இறந்து, மூத்த மகனாக நான் ஆடத் தொடங்கியதும், இரண்டாவது மகன் வேல்ஸ் ராஜாவாகித் தனியாகப் பிரிந்துவிட்டான். கடைசித் தம்பி லெய்ன்ஸ்டர் டியூக், என் வாஸல் (எனக்குக் கீழ்ப்பட்ட பிரபு). அவனை அரியணை ஏற்ற ஒரு கிளெய்மன்ட் (அரியணைக்கு உரிமை கோருபவர்) பேக்ஷன், என் படையோடு ஒப்பிட்டால் அதன் பலம் 71%. எங்கே தப்பு?

பதில் 1:
கான்ஃபெடரேட் பார்ட்டிஷன் என்ற, மகன்களுக்குப் பங்கு பிரிக்கும் வாரிசுச் சட்டம்தான் காரணம். உங்கள் முதன்மைப் பட்டத்துக்குச் சமமான பட்டம் ஒன்றின் நிலத்தில் பாதிக்கு மேல் உங்களிடம் இருந்தால், அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் சட்டமே அதை உருவாக்கி அடுத்த மகனுக்குக் கொடுக்கும். நீங்களே உருவாக்கி அழித்தாலும் பயனில்லை, நிலம் இருக்கும்வரை மறுபடி முளைக்கும். சாதாரண பார்ட்டிஷனில் இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு ஹெரிடிட்டரி ரூல் என்ற கண்டுபிடிப்பு உங்கள் கலாச்சாரத்துக்கு வேண்டும். கலாச்சாரத் தலைவர் நீங்கள் என்றால் ஃபேசினேஷனை (எந்தக் கண்டுபிடிப்பு வேகமாக வரவேண்டும் என்ற தேர்வு) அதன்மேல் வையுங்கள். அதுவரை வேல்ஸில் பாதியைத் தாண்டாதீர்கள். புதிய கவுன்ட்டி (மாவட்டம்) பிடிக்கும்போதெல்லாம் வாரிசுப் பக்கத்தைத் திறந்து யாருக்கு எது போகிறது என்று பாருங்கள்.

பதில் 2:
பேக்ஷன் இன்னும் கைமீறவில்லை. பலம் 80% எட்டினால்தான் அதிருப்தி ஏறும், அது நிரம்பினால்தான் இறுதி எச்சரிக்கை வரும். கையில் தங்கம் இருந்தால் இன்றே ஒரு மென்-அட்-ஆர்ம்ஸ் (தொழில்முறை வீரர்கள்) படை எடுங்கள், விகிதம் உடனே இறங்கும்.

அடுத்து, தம்பியை விடுங்கள், பேக்ஷனில் அதிகப் படை வைத்திருப்பவரைப் பாருங்கள். பலம்வாய்ந்த வாஸலுக்குக் கவுன்சில் (அரசரின் ஆலோசனை சபை) இடம் இல்லையென்றால் −40 அபிப்பிராயம், பாதிக் கோபம் அங்கேதான். இடம் கொடுங்கள். அவர் மகனுக்கு உங்கள் மகளைக் கட்டிவைத்துக் கூட்டணி போட்டால் பேக்ஷனில் இருக்கவே முடியாது.

கேள்வி கேட்டவர்:
தம்பி மகனுக்கும் பெண் கொடுக்கலாமா?

பதில் 2:
நம் முறைப்படியே அவன் உங்கள் மகளுக்கு அண்ணன் தம்பி ஆகிறான். கத்தோலிக்கத்திலும் அது செல்லாது, அத்தை மகனுக்கும் அங்கே தடைதான். தம்பி அரண்மனைக்கு ஒற்றர் தலைவரை ரகசியம் தேட அனுப்புங்கள். கொலை மாதிரி குற்றம் சிக்கினால் மிரட்டி ஸ்ட்ராங் ஹுக் (அவன்மேல் ஒரு வலுவான பிடி) வாங்கலாம்.

காரணமில்லாமல் சிறைபிடிக்க மட்டும் போகாதீர்கள். டிரனி (கொடுங்கோலன் என்ற பெயர்) ஏறும், சும்மா இருந்த வாஸல்களும் பேக்ஷனில் சேர்வார்கள். சண்டை வந்தேவிட்டால் ஜெயியுங்கள். கிளர்ச்சிக்காரர்கள் சிறைக்கு வந்துவிடுவார்கள், அப்போது டிரனி இல்லாமலே லெய்ன்ஸ்டரைப் பறிக்கலாம்.