ஃபெட்ச்சில் சேர்த்த ஹெடர் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை, போஸ்ட்மேனில் மட்டும் வருகிறது

கேள்வி
ஃபிரன்ட்எண்ட் ரியாக்ட், பேக்எண்ட் நோட் எக்ஸ்பிரஸ், இரண்டும் வெவ்வேறு டொமைன். ஃபெட்ச்சில் (பிரவுசரிலிருந்து சர்வரை அழைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்) போகும் எல்லா ரிக்வெஸ்டிலும் டெனன்ட்_ஐடி (எந்த வாடிக்கையாளருடைய டேட்டா என்ற அடையாளம்) என்ற ஹெடர், அதாவது ரிக்வெஸ்டோடு ஒட்டிப் போகும் தகவல், போக வேண்டும், லாகின் குக்கியும் கூடவே. போஸ்ட்மேனில் (பிரவுசர் பக்கம் இல்லாமல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கும் டூல்) சரியாக வருகிறது. பிரவுசரில் கார்ஸ் (வேறு டொமைனுக்குப் போகும் ரிக்வெஸ்டுகளுக்கான பிரவுசர் விதி) எரர். நெட்வொர்க் டேபில் ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் 401 (லாகின் இல்லை என்ற பதில்) வாங்கிக்கொண்டு நிற்கிறது, டேட்டா கேட்கும் கெட் ரிக்வெஸ்ட் கிளம்பவே இல்லை. ஃபெட்ச்சின் மோடை நோ-கார்ஸ் ஆக்கினால் அந்த எரர் போய்விடுகிறது, ஆனால் ஹெடரையும் காணோம்.

பதில் 1
நோ-கார்ஸை முதலில் எடுங்கள். அந்த மோடில் பிரவுசர் நீங்கள் சேர்த்த ஹெடரைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும், ரெஸ்பான்ஸையும் படிக்க விடாது. போஸ்ட்மேனுக்கு கார்ஸ் என்ற கட்டுப்பாடே கிடையாது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சொந்த ஹெடர் ஒன்று சேர்ந்தாலே, வேறு டொமைனுக்குப் போகும் கெட்டுக்கு முன்னால் பிரவுசர் ஆப்ஷன்ஸ் அனுப்பி அனுமதி கேட்கும். இந்த ப்ரீஃப்ளைட்டில் குக்கி இருக்காது. அதனால்தான் உங்கள் லாகின் மிடில்வேர் (ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் வழியில் சரிபார்க்கும் சர்வர் கோட்) 401 தருகிறது. கார்ஸ் மிடில்வேரை அதற்கு மேலே வையுங்கள். ஆப்ஷன்ஸுக்கு சர்வர் தரும் பதில் 200 அல்லது 204 ஆக இருக்கட்டும். ரீடைரக்ட் ஆனாலும் தோல்விதான். யூஆர்எல் கடைசியில் ஒரு ஸ்லாஷ் விட்டுப்போய் இதில் மாட்டுபவர்கள் நிறைய.

அந்தப் பதிலில் உள்ள அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஹெடர்ஸில் உங்கள் ஹெடர் பெயர் வர வேண்டும். குக்கி போவதால் ஃபெட்ச்சில் கிரெடென்ஷியல்ஸ் இன்க்ளூட், சர்வரில் அலவ்-கிரெடென்ஷியல்ஸ் ட்ரூ. குக்கி இருக்கும்போது அலவ்-ஆரிஜினிலும் அலவ்-ஹெடர்ஸிலும் நட்சத்திரக் குறி செல்லாது, பெயரை முழுதாக எழுத வேண்டும்.

மேக்ஸ்-ஏஜும் (ப்ரீஃப்ளைட் அனுமதியை பிரவுசர் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது) கொடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி 5 விநாடிதான் நினைவில் இருக்கும். குரோமில் உச்சவரம்பு 7200 விநாடி, ஃபயர்ஃபாக்ஸில் 86400.

கேள்வி கேட்டவர்
நன்றி, லோக்கலில் ஓடுகிறது. ப்ரொடக்‌ஷனில் எக்ஸ்பிரஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (ரிக்வெஸ்டை வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸி சர்வர்) இருக்கிறது. ஆப்ஷன்ஸ் 204, கெட்டும் 200. குரோமில் பார்த்தால் ஹெடர் போகிறது, எக்ஸ்பிரஸில் மட்டும் அன்டிஃபைன்டு, அதாவது மதிப்பே இல்லை.

பதில் 2
பெயரில் இருக்கும் அடிக்கோடுதான் காரணம். அடிக்கோடு உள்ள ஹெடர்களை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே தூக்கிப் போட்டுவிடும், ஆக்சஸ் லாகிலும் ஒன்றும் தெரியாது. ப்ரீஃப்ளைட் தேறியது எப்படி என்றால், அங்கே டெனன்ட்_ஐடி வேறொரு ஹெடரின் மதிப்பாகத்தான் போகிறது. பெயராகப் போவது கெட்டில்தான்.

என்ஜின்எக்ஸ் செட்டிங்கில் அண்டர்ஸ்கோர்ஸ்_இன்_ஹெடர்ஸ் ஆன் போட்டால் வேலை நடக்கும், ஆனால் வழியில் இன்னொரு ப்ராக்ஸி வந்தால் பழைய கதைதான். பெயரையே டெனன்ட்-ஐடி என்று மாற்றிவிடுங்கள், அலவ்-ஹெடர்ஸிலும் மறக்காமல். பெயருக்கு முன்னால் எக்ஸ்- சேர்க்கும் பழக்கம் வேண்டாம் என்று 2012-லேயே ஆர்எஃப்சி 6648 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லிவிட்டது. நோட் எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தாக்கித் தரும், ரிக்வெஸ்ட் ஹெடர்ஸ் ஆப்ஜெக்ட்டில் அப்படியே தேடுங்கள்.

பதில் 3
இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. ஹெடரில் வரும் டெனன்ட் ஐடியை யாரும் மாற்றி அனுப்பலாம். லாகின் செஷனில் உள்ள பயனருக்கு அந்த டெனன்ட் உரியதா என்று ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் சரிபாருங்கள், இல்லையென்றால் ஒருவர் டேட்டாவை இன்னொருவர் பார்ப்பார்.

இரண்டாவது, ஹெடர் மதிப்பில் தமிழ் எழுத்து வந்தால் ஃபெட்ச் டைப்எரர் வீசும். என்கோட்யூஆர்ஐகாம்பொனன்ட் (எழுத்துகளை ஆங்கிலக் குறியீடாக மாற்றும் ஃபங்ஷன்) போட்டு அனுப்பி, சர்வரில் டிகோட் செய்துகொள்ளுங்கள்.